'ஓரிரு இடங்களில் உறைபனி' - அந்த இடம் உங்கள் தோட்டமா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் வெளுத்து, பகலில் இதமான வெயில் அடிக்கத் தொடங்கினால் சமவெளி விவசாயிக்கு மகிழ்ச்சி. நீலகிரி மலை விவசாயிக்கோ அப்போதுதான் கவலை பிறக்கிறது. மேகம் விலகிய இரவுகளில் உறைபனி இறங்கும். ஆறு மணி நேரத்தில், நான்கு மாத உழைப்பைக் கருக்கிவிட்டுப் போகும். முதல் நாள் மாலை பச்சைப் பசேலென்று நின்ற உருளைக்கிழங்குத் தோட்டம், மறுநாள் காலை பத்து மணிக்கு வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடக்கும்.

நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும். டிசம்பர், ஜனவரியில் அது உறைபனியாகும். சில ஆண்டுகளில் பிப்ரவரி வரை நீடிக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. மலையில் அந்தத் தைப்பனி தரையை மட்டுமல்லாமல் விவசாயியின் மடியையும் சேர்த்துத் துளைக்கிறது. விதைக்கிழங்கு, உரம், ஆள்கூலி என்று எல்லாவற்றையும் கடன் வாங்கிப் போட்டவருக்கு ஓர் இரவு உறைபனி என்பது ஓராண்டுக் கடன்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிவிக்க வழி இருக்கிறது. அறிவிப்பும் வருகிறது. ஆனால் அந்த அறிவிப்பைத் தம் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கும் வழி பலருக்குத் தெரிவதில்லை. அதனால் அறிவிப்பு வந்தும் பயிர் போகிறது.

அறிவிப்பு சொல்வது என்ன?

சென்னையில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் குளிர்காலத்தில், 'நீலகிரி மாவட்டம் மற்றும் கொடைக்கானல் மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் இரவு அல்லது அதிகாலையில் உறைபனிக்கு வாய்ப்பு' என்று அறிவிக்கும். வானொலியிலும் செய்தித்தாளிலும் இது வரும். இந்திய வானிலைத் துறையின் விவசாய ஆலோசனை அறிக்கை வாரம் இரு முறை, செவ்வாயும் வெள்ளியும் வெளிவருகிறது. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மேகதூத்' என்ற கைப்பேசிச் செயலியிலும் மாவட்ட வாரியாக இதைப் பார்க்கலாம்.

எச்சரிக்கைக்கு நிறங்களும் உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கையில் இறங்க வேண்டும்.

இதில் விவசாயி ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொல் 'ஓரிரு இடங்களில்' என்பது. மாவட்டம் முழுதும் உறைபனி விழும் என்று வானிலைத் துறை சொல்லவில்லை. விழாது என்றும் சொல்லவில்லை. எங்கோ சில பள்ளங்களில் விழும் என்கிறது. அந்தப் பள்ளம் யாருடைய தோட்டம் என்பது சென்னையில் இருப்பவருக்குத் தெரியாது. அது தோட்டக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே அறிவிப்பில் பாதி வானிலைத் துறையின் வேலை. மறுபாதி விவசாயியின் வேலை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'குளிர் அலை' வேறு, 'உறைபனி' வேறு. மலைப்பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை பூஜ்யம் டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சே எழும். உறைபனியோ அதற்கு முன்பே தரையில் விழுந்துவிடும். 'குளிர் அலை எச்சரிக்கை இல்லையே' என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது.

கூண்டில் ஒரு கணக்கு, தரையில் ஒரு கணக்கு

'உதகையில் நேற்று 4 டிகிரி' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். 4 டிகிரியில் தண்ணீர் உறையாதே, பிறகு எப்படிப் புல்லின்மேல் வெள்ளைப் படலம் என்று பலர் கேட்கிறார்கள்.

விடை எளிது. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெட்டவெளியில் வைப்பதில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், வெள்ளை வர்ணம் பூசிய மரக்கூண்டுக்குள் வைக்கிறார்கள். அது அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலை. உருளைக்கிழங்குச் செடியும் பீன்ஸ் செடியும் நாலடி உயரத்தில் கூண்டுக்குள் வாழ்வதில்லை. அவை தரையோடு, திறந்த வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

வானம் தெளிந்த இரவில், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலமும் இலையும் மேலே வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வைபோல் மூடி, வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மேகம் இல்லாவிட்டால் தடுப்பார் இல்லை. அப்போது இலையின் வெப்பநிலை, அதைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குறைந்துவிடும். அமைதியான, தெளிந்த இரவில் கூண்டு வெப்பமானியைவிடத் தரைப்புல் 3 அல்லது 4 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். எனவே செய்தித்தாளில் '4 டிகிரி' என்று இருந்தால், பள்ளத்துத் தோட்டக்காரர் அதைப் 'பூஜ்யம்' என்று படித்துக்கொள்வது நல்லது.

குளிர்ந்த காற்று தண்ணீர்போல் ஓடும்

குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் மெல்ல இறங்கி, ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் தேங்கும். அதனால்தான் கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா முகட்டைவிட, அதற்கு மிகவும் கீழே இருக்கும் தலைக்குந்தா, காந்தல், சாண்டிநல்லா போன்ற பள்ளப் பகுதிகளில் உறைபனி அதிகமாகக் காணப்படுகிறது. உயரம் மட்டுமே குளிரைத் தீர்மானிப்பதில்லை; நிலத்தின் வாட்டமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

மலையே இதற்குச் சாட்சி. நீலகிரியின் மேல்மட்டத்தில் சில பள்ளங்களின் அடித்தளத்தில் மரமே இராது. புல் மட்டும் இருக்கும். சோலை மரங்களின் கன்றுகள் உறைபனியைத் தாங்குவதில்லை. புல்வெளியில் சோலை பரவாமல் நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர்.

ஒரே ஊரில் இரண்டு விவசாயிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஓடையோரம் அரை ஏக்கர். மற்றவருக்கு அதற்கு மேலே சரிவின் நடுவில் அரை ஏக்கர். இருவரும் ஒரே நாளில் பீன்ஸ் விதைத்தார்கள். இருவரும் ஒரே அறிவிப்பைக் கேட்டார்கள். மறுநாள் ஓடையோரப் பயிர் கருகியது. நடுச்சரிவுப் பயிர் தப்பியது. கீழே இருப்பவர் 'என் தலையெழுத்து' என்பார். தலையெழுத்து அல்ல, நிலத்தின் வாட்டம். நடுச்சரிவில் இரவில் குளிர்ந்த காற்று நிற்காமல் கீழே வடிந்துவிடுகிறது. வடிந்த காற்று முழுவதும் கீழ்த்தோட்டத்தில் தேங்குகிறது.

தோட்டத்தின் கீழ் எல்லையில் நெருக்கமான வேலியோ புதரோ இருந்தால் அது குளிர்ந்த காற்றுக்கு அணை கட்டியதுபோல் ஆகும். அங்கே ஓரிரு இடங்களில் இடைவெளி விட்டால் குளிர் வெளியேறும். தோட்டத்தின் மேல் எல்லையிலோ இதற்கு நேர்மாறு. அங்கே அடர்ந்த வேலி இருந்தால் மேலிருந்து வரும் குளிர்ந்த காற்றைத் திருப்பிவிடும். செலவில்லாத வேலை இது. பனிக்காலத்துக்கு முன்பே செய்து வைக்கலாம்.

மாலையில் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

அறிவிப்பு வந்த நாளில் மாலை ஐந்து மணிக்கு விவசாயி தம் தோட்டத்தில் நின்று கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வானம். மேகமே இல்லாமல் நீலமாக இருந்து, இருட்டியதும் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் எச்சரிக்கை.

இரண்டு, காற்று. இலை அசையாமல், அடுப்புப் புகை நேரே மேலெழுந்து சிறிது உயரத்தில் படுக்கையாகப் பரவினால் எச்சரிக்கை. சிறிது காற்று வீசினாலும் மேலே உள்ள சூடான காற்றும் கீழே உள்ள குளிர்ந்த காற்றும் கலந்து ஆபத்து குறையும்.

மூன்று, ஈரம். பகலில் காற்று வறண்டு, உலர்த்திய துணி சீக்கிரம் காய்ந்து, உதடு வெடித்தால் இரவில் குளிர் வேகமாக இறங்கும். காற்றில் ஈரம் மிகக் குறைவாக இருந்தால் வெள்ளைப் படலம் விழாமலே பயிர் கருகுவதும் உண்டு. 'பனியே விழவில்லை, பயிர் மட்டும் கருகிவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

நான்கு, முந்தைய நாள். நேற்று அக்கம்பக்கத்தில் உறைபனி விழுந்து, இன்று வானம் அதேபோல் தெளிவாக இருந்தால், இன்றும் விழும் என்றே கொள்ள வேண்டும்.

ஐந்து, மழைநிலவரம். வங்கக்கடலில் புயல்சின்னம் இருந்து மேகம் வந்துகொண்டிருந்தால் உறைபனி தள்ளிப்போகும். புயல்சின்னம் விலகி வானம் வெளுத்த முதல் இரண்டு மூன்று இரவுகள் ஆபத்தானவை.

இந்த ஐந்தில் முதல் மூன்றும் சேர்ந்து இருந்தால், அறிவிப்பில் சொன்ன 'ஓரிரு இடங்களில்' தம் தோட்டமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும்

கண்ணால் பார்ப்பதைவிடக் கணக்கு மேலானது. குறைந்தபட்ச வெப்பநிலையைக் காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, பயிரின் உயரத்தில் கட்டிவைக்க வேண்டும். கூரைக்கு அடியிலோ மரத்தடியிலோ கட்டக் கூடாது. வானம் பார்த்து இருக்க வேண்டும்.

தினமும் இரவு ஏழு மணிக்கு ஒரு முறையும், விடியும் நேரத்தில் ஒரு முறையும் அளவைக் குறிக்க வேண்டும். பக்கத்தில் 'மேகம் உண்டு, இல்லை', 'காற்று உண்டு, இல்லை' என்று எழுத வேண்டும். அன்று செய்தித்தாளில் வந்த உதகை வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் ஆர்வமாகச் செய்வார்கள்.

ஒரு பனிக்காலம் முடிந்ததும் அந்த நோட்டே விவசாயியின் சொந்த வானிலை நிலையமாகிவிடும். 'நம் பள்ளத்தில் தெளிந்த இரவில் ஏழு மணிக்கு இத்தனை டிகிரி இருந்தால் விடியலில் இத்தனை டிகிரி இறங்கும்' என்பது தெரிந்துவிடும். உதகை நிலையத்துக்கும் தம் தோட்டத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதும் தெரிந்துவிடும். அதன்பின் அறிவிப்பு வரும்போது குழப்பம் இராது. ஐந்தாறு தோட்டக்காரர்கள் சேர்ந்து மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஊருக்கே பயன்படும்.

பொழுது சாயுமுன் செய்ய வேண்டியவை

உறைபனித் தடுப்பு வேலைகளில் பெரும்பாலானவை சூரியன் மறைவதற்குள் முடிந்துவிட வேண்டும். பகலில் நிலம் வாங்கிய வெப்பத்தைச் சேமித்து வைப்பதே இவற்றின் நோக்கம். இரவு பத்து மணிக்கு மேல் மூடினால் குளிரைத்தான் மூடிவைப்போம்.

நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும். ஈரமான, இறுகிய, களையில்லாத மண் பகலில் அதிக வெப்பத்தை வாங்கி இரவில் வெளிவிடும். அறிவிப்பு வந்ததும் முற்பகலிலேயே தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும். மாலையில் இலைகளை மட்டும் நனைத்துவிட்டு நிறுத்துவது கெடுதல். உறைபனி நாட்களில் மண்ணைக் கொத்திக் கிளறவும் கூடாது. காய்ந்த பொலபொலப்பான மண் வெப்பத்தைத் தாங்காது. வரிசைகளுக்கிடையே களையும் புல்லும் மண்டியிருந்தால் குளிர் அதிகமாகும்.

நாற்றங்கால், இளங்கன்று ஆகியவற்றைக் குச்சி நட்டு மேலே காய்ந்த புல், வைக்கோல், சாக்கு அல்லது தார்ப்பாய் கொண்டு மூடலாம். உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் 'கோத்தகிரி மிலார்' செடிகளைக் கொண்டு மூடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தேயிலை இளஞ்செடிகளுக்குத் தாகைச் செடியை வெட்டி நடுவதும் வழக்கத்தில் உள்ளது. மூடி தரைவரை இறங்க வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு இலைமேல் படக் கூடாது. பட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறிப் பனி உருகியதும் மூடியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பகலில் மண்ணுக்கு வெப்பம் சேராது.

தெளிப்பு நீரைப் பாதியில் நிறுத்தலாகாது

தெளிப்பு நீர்ப் பாசனக் கருவி உள்ளவர்கள் அதைக்கொண்டு உறைபனியைத் தடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் இலையைக் காப்பாற்றும். இலைமேல் பனிக்கட்டி படிந்தாலும், தண்ணீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டிருக்கும்வரை இலையின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

ஆனால் அதே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், சுமார் 600 கிலோ கலோரி வெப்பத்தை இலையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அதாவது ஏழு லிட்டர் உறைந்து கொடுத்ததை ஒரு லிட்டர் ஆவியாகிப் பறித்துக்கொள்ளும். ஆகவே நள்ளிரவில் தொடங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு டீசல் தீர்ந்து மோட்டார் நின்றுவிட்டால், தெளிக்காத தோட்டத்தைவிட அந்தத் தோட்டம் அதிகமாகக் கெடும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுமுன் தொடங்கி, காலையில் வெயில் ஏறிப் பனிக்கட்டி தானாக உருகி விழும்வரை விடாமல் தெளிக்க வேண்டும்.

இதற்குப் போதிய தண்ணீரும் எரிபொருளும் இல்லாத சிறு விவசாயி, தோட்டம் முழுவதும் தெளிக்க முயல வேண்டாம். விலைபோகும் நிலையில் உள்ள ஒரு பாத்தியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் காப்பாற்றுவது புத்திசாலித்தனம். காற்று வீசும் இரவில் இந்த முறையைக் கையாளவே கூடாது.

புகை மூட்டுவது பற்றி

குப்பையைக் கொளுத்திப் புகை போட்டால் உறைபனி விழாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மேகம்போல் வெப்பத்தைத் திருப்பித் தரும் ஆற்றல் புகைக்கு மிகக் குறைவு. தீயின் சூடுதான் கொஞ்சம் உதவும். அதுவும் ஒரே பெரிய தீயாக இருந்தால் சூடு மேலே போய்விடும். சிறு சிறு கணப்புகளாகப் பல இடங்களில் இருந்தால்தான் பயன். மேலும், உறைபனியில் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும் காலம் இது. ஒரு பொறி பறந்தால் காட்டுத் தீ மூளும். காட்டை ஒட்டிய தோட்டங்களில் தீ மூட்டாமல் இருப்பதே உத்தமம்.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும்?

பீன்ஸ், தக்காளி, மேரக்காய் ஆகியவை உறைபனியைச் சிறிதும் தாங்கா. உருளைக்கிழங்குச் செடி பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 டிகிரி இறங்கினால் இலையும் தண்டும் செத்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பும். பட்டாணியின் இலை ஓரளவு தாங்கும். பூவும் பிஞ்சும் தாங்கா. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், டர்னிப், பூண்டு ஆகியவை நன்கு வேரூன்றிய பிறகு பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரை தாங்கி நிற்கும்.

எனவே பனிக்காலத்தில் பள்ளத்துப் பாத்திக்கு முட்டைக்கோஸ், கேரட், பூண்டு. நடுச்சரிவுக்கு உருளை, பீன்ஸ் என்று பிரித்துக்கொள்வது பாதுகாப்பு.

உருளையில் ஆகஸ்ட், செப்டம்பரில் நடும் கடைபோகம் டிசம்பர், ஜனவரியில் முற்றும். முற்றிய பயிரின் இலை கருகினால் கவலை வேண்டாம். சுமார் இரண்டு வாரம் விட்டு, தோல் இறுகியதும் தோண்டலாம். கிழங்கு பருக்கும் பருவத்தில் இலை கருகினால்தான் மகசூல் விழும். ஆகவே கடைபோகத்தைப் பள்ளத்தில் தாமதித்து நடக் கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்போகத்தில் இதற்கு மாறாக, பள்ளத்து நிலத்தைக் கடைசியில் நடுவது நல்லது. முளை இரண்டு மூன்று அங்குலமே வந்திருக்கும் நிலையில் உறைபனி அறிவிப்பு வந்தால், மாலையில் மண்ணை இழுத்து முளையை மூடிவிடலாம்.

தழைச்சத்தை அதிகமாகப் போட்டுப் பனிக்காலத்தில் பயிரைத் தளதளவென்று வளர்க்கக் கூடாது. சதைப்பற்றுள்ள இளந்தழை முதலில் கருகும். சாம்பல்சத்து மண் பரிசோதனைப்படி குறையாமல் இருக்க வேண்டும்.

விடிந்த பின்

இரவில் மிகக் குறைந்த வெப்பநிலை சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டியே வரும். ஆகவே ஐந்து மணிக்குப் பார்த்துவிட்டு 'தப்பித்தோம்' என்று திரும்பிவிடக் கூடாது. உறைந்த இலைமேல் வெயில் சுரீரென்று பட்டால் சேதம் அதிகமாகும். கிழக்குப் பார்த்த சரிவுகளில் கருகல் மிகுதியாக இருப்பது இதனால்தான். வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்து, உறைபனி முழுவதும் கரைந்து போகும்வரை விடாமல் கழுவிவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். உறைந்த செடிகளுக்கிடையே நடக்கக் கூடாது. தொட்டால் திசு உடையும்.

கருகிய பயிரை அன்றே பிடுங்கி எறிவது அவசரம். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். உருளையில் நுனி மட்டும் கருகியிருந்தால் அடித்தண்டிலிருந்து புதுத் தளிர் வரும். தளிர் கண்டபின் சிறிதளவு தழைச்சத்து கொடுத்து நீர் பாய்ச்சலாம். செத்த பாகத்தில் அழுகல் நோய் புகாமல் தாமிரப் பூசணக்கொல்லி தெளிப்பது நன்று.

தேயிலையில் பொறுமை

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிக்குக் கொழுந்துதான் மாதச் சம்பளம். உறைபனியில் மேல்மட்ட இலை கருகினால் பல வாரங்களுக்குக் கொழுந்து இராது. 2019 ஜனவரியில் அண்டையிலுள்ள மூணாறில் தொடர்ந்து பல நாட்கள் உறைபனி விழுந்து தேயிலைச் செடிகள் பெருமளவில் கருகியது பலருக்கு நினைவிருக்கும்.

கருகியதைப் பார்த்ததும் கவாத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. வெட்டினால் புதுத் தளிர் வரும். அடுத்த உறைபனி அந்தத் தளிரையும் தின்றுவிடும். செடிக்கு இரட்டை நஷ்டம். பனி ஓய்ந்து, உயிருள்ள கிளை எதுவரை இருக்கிறது என்று மொட்டுகள் காட்டிக்கொடுத்த பின், கருகிய நுனியை மட்டும் உயிருள்ள பாகம்வரை மேலாக வெட்டிவிட வேண்டும். பள்ளத்துத் தேயிலைக்குப் பனிக்காலத்துக்குச் சற்று முன்பு கவாத்து செய்வதையும் தவிர்க்க வேண்டும். தோட்டத்தில் உள்ள சில்வர் ஓக் நிழல்மரங்கள் இரவில் குடைபோல் நின்று வெப்பம் மேலே போவதைக் குறைக்கும். பள்ளத்தில் அவற்றை முழுவதும் கழித்துவிடாமல் விட்டுவைப்பது நல்லது.

கால்நடையும் மனிதரும்

உறைபனி படிந்த புல்லில் அதிகாலையில் மாடுகளை மேயவிடக் கூடாது. வெயில் ஏறிப் பனி கரைந்த பின் ஓட்டலாம். கொட்டிலில் காய்ந்த வைக்கோல் பரப்பி, காற்று நேரே அடிக்கும் பக்கத்தைச் சாக்கால் மறைக்க வேண்டும். ஈன்ற கன்றை உடனே துடைத்து உலர்த்த வேண்டும். குடிநீர் வெதுவெதுப்பாக இருந்தால் கறவை குறையாது.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டி, கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் மலைப்பகுதிகளில் நடந்திருக்கின்றன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். படுக்குமுன் கணப்பை வெளியே வைத்துவிட வேண்டும். பயிர் போனால் அடுத்த போகத்தில் எடுக்கலாம். உயிர் போனால் என்ன செய்வது?

காப்பீடும் கணக்கும்

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுமுன், தம் பயிரும் தம் பகுதியும் அறிவிக்கை செய்யப்பட்டுள்ளனவா, உறைபனிச் சேதத்துக்கு இழப்பீடு உண்டா என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு மாற்றியமைத்த வானிலை அடிப்படைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தோட்டத்தில் கண்ட சேதத்தை வைத்து இழப்பீடு முடிவாவதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான அளவே கணக்கு. பள்ளத்தில் பூஜ்யம், நிலையத்தில் 4 என்ற வித்தியாசம் இங்கும் வந்து நிற்கும். எந்த நிலையத்தின் அளவைக் கொண்டு கணக்கிடுவார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சேதம் ஏற்பட்டால் அன்றே படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தேதிவாரியாக எழுதிய வெப்பநிலை நோட்டு கையில் இருந்தால் விவசாயியின் பேச்சுக்கு வலுக் கூடும்.

உறைபனியை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் அது சொல்லாமல் வருவதில்லை. சென்னையிலிருந்து ஓர் அறிவிப்பு, மாலை வானத்தில் ஓர் அடையாளம், குச்சியில் கட்டிய வெப்பமானியில் ஓர் அளவு என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், பள்ளத்து அரை ஏக்கர்காரரும் பொழுது சாயுமுன் சாக்கையும் வைக்கோலையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். மறுநாள் காலை முழுத் தோட்டமும் தப்பாமல் போகலாம். விதைக் கடனை அடைக்கும் அளவுக்காவது பயிர் நிற்கும்.